வெட்டிப் போட்ட ஓரங்கள்

தெருவில் பாதிப் பேருக்கு அவருடைய சொந்தப் பெயர் தெரியாது. 'நேராப்பாரு' என்றால்தான் தெரியும். ஸ்டூடியோ வைத்திருக்கிற மனுஷன் ஒரு நாளைக்கு நாற்பது தடவை "நேரா பாருங்க, நேரா பாருங்க" என்று கத்தினால் வேறென்ன பெயர் வைப்பார்கள்? பாஸ்போர்ட் படத்துக்கு வருகிறவர்களை ஸ்டூலில் உட்கார வைத்து, மோவாயைப் பிடித்துத் திருப்பி, தோளை அமுக்கி, படம் எடுத்து, பிரிண்ட் போட்டு, நாலு ஓரத்தையும் கட்டரில் சரக் சரக்கென்று வெட்டிக் கையில் கொடுத்துவிடுவார். வெட்டுவதில் அவர் கை அப்படி ஒரு கை. "படம் நடுவுலதான் இருக்கு. ஓரத்துல என்ன மண்ணாங்கட்டி இருக்கு?" என்பார்.

அவருடைய பெண்டாட்டி வெளிநாட்டுக்கு வேலைக்குப் போய் இரண்டு வருஷம் முடியப் போகிறது. அங்கே ஏதோ ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் துணிப் பிரிவில் வேலை. 'ரெண்டே வருஷம், கண்ணை மூடித் திறந்தா ஓடிடும், அஸ்திவாரத்தோட நிக்கிற வீட்டை எழுப்பிடலாம்' என்று இருவரும் பேசி வைத்த பிறகுதான் போனாள். கண்ணை மூடித் திறந்தால் ஓடிவிடுமாம்! மூடின கண்ணுக்குத் தூக்கமே வராமல் புரண்டு கிடந்த கதை அவருக்கல்லவா தெரியும்.

போன புதிதில் அவள் ஒரு படம் அனுப்பினாள். பச்சைப் பசேலென்று ஒரு மரம், அதற்கு மேல் கழுவித் துடைத்த மாதிரி வானம். "எங்க எடுத்தே?" என்று கேட்டார். "வெளிய போனப்ப எடுத்தேங்க" என்றாள். பார்த்துப் பார்த்துப் பூரித்துப் போனார். பிரிண்ட் போட்டு, ஓரத்தை வெட்டி, கடைக் கண்ணாடியில் ஒட்டினார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "நம்ம வீட்டுல எடுத்தது" என்று பீற்றிக்கொண்டார்.

அப்புறம் இலை பழுத்தது. இங்கேயும்தான் இலை பழுக்கிறது. மஞ்சளாகும், விழும், நாம் பெருக்கித் தள்ளுவோம், அவ்வளவுதான். அங்கே ஒரு மரம் உச்சியிலிருந்து அடிவரை ரத்தச் சிவப்பாகப் பழுத்து நின்றது. அந்தப் படத்தை அன்றைக்கு முழுக்கத் திறந்து வைத்துப் பார்த்தார். அதைச் சுவரளவுக்குப் பெரிதாக்கி, பழைய அருவி ஸ்க்ரீனைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் மாட்டினார். வியர்த்து வழிகிற சனமெல்லாம் அந்தச் சிவப்பு மரத்துக்கு முன்னால் நின்று, தோளில் கை போட்டுக்கொண்டு, குளிரில் நிற்பதுபோல் சிரித்தது. ஸ்க்ரீன் ராசியானது என்றுகூடச் சொன்னார்கள். போங்கள்!

பனி வந்தது. மொட்டைக் கிளையில் வெள்ளை உட்கார்ந்திருந்தது. பிறகு கிளை நுனியில் பொட்டுப் பொட்டாகத் துளிர். மறுபடி பச்சை, மறுபடி சிவப்பு, மறுபடி பனி. ஒவ்வொரு படத்துக்கும் அவள் எழுதுவது ஒரே வரிதான்: 'வெளிய போனப்ப எடுத்தேன். எவ்ளோ அழகு பாருங்க.'

அந்த 'வெளிய' என்கிற வார்த்தைதான் மெல்ல மெல்ல அவர் காதில் குடைய ஆரம்பித்தது.

குடைந்தது அதுவாக இல்லை. குடைய வைத்தது அவருடைய அக்கா. கீழ் வீட்டில்தான் இருக்கிறாள். அவள் சமைத்து மேலே அனுப்பினால்தான் இவருக்கும் மகளுக்கும் சாப்பாடு. மகராசி, கையில் தாராளம், வாயில் அதைவிடத் தாராளம்.

"என்னடா, உன் பொண்டாட்டி மறுபடியும் வெளிய போயிருந்தாளாமே?" என்பாள் குழம்புச் சட்டியை வைத்தபடி. "குடுத்து வச்சவ. நான் இந்தத் தெரு முனையைத் தாண்டி எத்தனை மாசம் ஆச்சு தெரியுமா? அவ ஊர் ஊராச் சுத்தி மரம் பாக்கறா, நீ இங்க சட்டியைச் சுரண்டு."

"சும்மா இருக்கா."

"நான் எதுக்குடா சும்மா இருக்கணும்? அந்தக் குளுகுளு ஊரைப் பாத்தவளுக்கு இந்தப் புழுதி இனிமே புடிக்குமா? எழுதி வச்சுக்க, அவ திரும்ப வர மாட்டா."

கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்து பார்த்தாள். பத்து வயது. வீட்டில் அவளுக்கு 'வாலு' என்று பெயர். பெரியவர்கள் பேசினால் பிள்ளைகளுக்குக் காது கிடையாது என்று எவன் சொன்னானோ! அந்த வாரத்திலிருந்து வாலு அம்மாவிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை போன் வந்தால் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வாள். மூன்று மாசமாக இதே கூத்து. "குளிக்கிறா", "தூங்கறா", "படிக்கிறா" என்று இவர் அளப்பார். அந்தப் பக்கம் அவள் "சரிங்க, பரவால்ல" என்பாள். அந்தப் பரவாயில்லையைக் கேட்கச் சகிக்காது.

இப்படி இருக்கும்போதுதான் போன ஞாயிற்றுக்கிழமை அவள் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"என்னங்க, இங்க இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்றாங்க. வியாழக்கிழமைக்குள்ள சொல்லணும். போடலைன்னா மாசக் கடைசியில அனுப்பி வச்சிடுவாங்க. என்ன பண்ணட்டும்?"

வா என்று சொல்ல வேண்டியதுதானே? ஒரே எழுத்து. அதைச் சொல்லத்தான் அவருக்கும் தொண்டைவரை வந்தது. ஆனால் அதற்கு முந்தின வாரம் வந்த படம் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்தது. வெள்ளைப் பனியில் மொட்டை மரம், அதற்குப் பின்னால் பளீரென்று நீல வானம். 'எவ்ளோ அழகு பாருங்க.' இதை விட்டுவிட்டு வா என்று இவர் கெஞ்ச வேண்டுமா? அவளுக்காகத் தோன்ற வேண்டாமா?

"உன் இஷ்டம்" என்றார்.

இந்த 'உன் இஷ்டம்' இருக்கிறதே, அது அவர்கள் வீட்டில் ஒரு தனிப் பாஷை. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஊதா நிறத் திரைச்சீலை வாங்கட்டுமா என்றால் "உன் இஷ்டம்." அண்ணன் வீட்டில் நாலு நாள் இருந்துவிட்டு வரட்டுமா என்றால் "உன் இஷ்டம்." சொல்லும்போது மீசை நுனியைக் கடித்தால் வேண்டாம் என்று அர்த்தம். கடிக்காவிட்டால் சரி என்று அர்த்தம். அவள் வாயைக் கேட்க மாட்டாள், மீசையைத்தான் பார்ப்பாள். பதிமூன்று வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் கணக்குத் தப்பியதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையும் மனுஷன் மீசையைக் கடித்துக்கொண்டுதான் சொன்னார். அது போனில் எப்படி ஐயா தெரியும்?

அவள் விடவில்லை. "நீங்க சொல்லுங்களேன்" என்றாள்.

"அதான் சொல்லிட்டேனே. உனக்கு அந்த ஊர் புடிச்சிருக்கு. நான் என்ன சொல்றதுக்கு இருக்கு?"

"புடிச்சிருக்குன்னு நான் எப்பங்க சொன்னேன்?"

"படம் படமா வருதே, அது என்ன சொல்லுதாம்?"

அவள் பேச்சை மாற்றினாள். எப்போதும் கடைசியில் கேட்கிற கேள்வியைக் கேட்டாள். "கடைக்கு எதிர்ல இருக்கிற மரம் பூத்துடுச்சாங்க? இது பூக்கற நேரம்தானே."

"எந்த மரம்?" என்றார் அவர். நிஜமாகவே தெரியவில்லை. பதினொரு வருஷமாக அந்த மரத்துக்கு நேர் எதிரில் கடை.

"சரிங்க, வச்சிடறேன்" என்று வைத்துவிட்டாள்.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டே வேலை பார்த்தார். அவளே கூப்பிடட்டும் என்று இருந்தார். ஒரு வாடிக்கையாளரின் காதையே வெட்டிவிட்டார், படத்தில்தான். திட்டு வாங்கிக்கொண்டு இன்னொரு பிரிண்ட் போட்டுக் கொடுத்தார்.

புதன்கிழமை வாலுவுக்குப் பரீட்சை. மதியத்தோடு பள்ளிக்கூடம் முடிந்து கடைக்கு வந்துவிட்டாள். கூட்டம் இல்லை. நேராப்பாரு கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். வாலு தரையில் உட்கார்ந்து ஒரு பழைய பிஸ்கட் டப்பாவைத் திறந்து கவிழ்த்தாள். வெட்டிப் போட்ட காகிதத் துண்டுகள் கொட்டின.

அவர் வெட்டித் தள்ளுகிற ஓரங்களை அந்தப் பெண் எப்போதும் பொறுக்கி வைப்பாள். நல்ல பளபளப்பான காகிதம், நோட்டில் பூ வெட்டி ஒட்டலாம் என்று. இன்றைக்கு அவள் பூ வெட்டவில்லை. துண்டுகளை ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக அடுக்கினாள். சிலதைத் திருப்பினாள். சிலதைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பொருத்தினாள். கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தாள்.

"அப்பா, இங்க வாயேன்."

"என்ன?"

"வந்து பாரேன்."

முனகிக்கொண்டே எழுந்து வந்தார். பதினாலு துண்டுகள், எல்லாம் அவள் அம்மா அனுப்பிய படங்களின் ஓரங்கள். ஒரு துண்டில் பச்சை இலை, ஒன்றில் சிவப்பு, ஒன்றில் பனி. வாலு விரலை வைத்துக் காட்டினாள்.

"இது நீலக் கலர் குப்பைத் தொட்டி. இதோ பாரு, மூடியோட கைப்பிடி உடைஞ்சிருக்கு. கம்பி போட்டுக் கட்டியிருக்காங்க. இந்தத் துண்டுலயும் அதே கம்பி. இதுல பனி மூடியிருக்கு, ஆனா கம்பி தெரியுது. இதுல சுவரு, சுவத்துல நாலுன்னு எழுதியிருக்கு. இங்கயும் நாலு. இங்க நாலுல பாதி."

"அதுக்கு?"

"எல்லாம் ஒரே மரம்ப்பா." வாலு நிமிர்ந்தாள். "அம்மா ஊர் ஊராப் போகல. ஒரே எடத்துலதான் நிக்கிது."

அவர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்து, வெட்டாத படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். இரண்டு வருஷமாக இந்தக் கம்ப்யூட்டருக்குள்தான் முழுசாகக் கிடந்திருக்கின்றன. இடது ஓரத்தில் தொட்டி, வலது ஓரத்தில் சுவர். ஒன்றில் கீழிருந்து மேலே எடுத்திருந்தாள். ஒன்றில் தொட்டியின் மேலேயே சாய்ந்து எடுத்திருக்க வேண்டும். ஒரே மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து பதினாலு மரமாக்கியிருந்தாள். அவளுக்கு இத்தனை கெட்டிக்காரத்தனமா என்றிருந்தது. கெட்டிக்காரத்தனமா அது?

படம் எடுத்த நேரம் படத்தோடேயே பதிவாகியிருக்கும், அது அவருக்குத் தெரியாததா? பார்த்தார். பத்துப் பத்து. பத்துப் பன்னிரண்டு. பத்துப் பதினேழு. பத்துப் பதினாறு. பதினாலு படத்தில் ஒன்றுகூடப் பத்து இருபதைத் தாண்டவில்லை.

மழையில் எடுத்த படம் ஒன்று இருந்தது. அதன் அடி ஓரத்தில் ஒரு கண்ணாடிக் கதவு. பெரிதாக்கினார். கதவில் அவள் நிழலாகத் தெரிந்தாள். தலையில் வலைத் தொப்பி, முழங்கால்வரை ரப்பர் அங்கி, இரண்டு கையாலும் போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள். பின்னால் கதவுக்குள்ளே நிலவறைக்கு இறங்கிப் போகிற படி. படியருகில் சக்கர வண்டி நிறைய அழுக்குப் போர்வைகள், அவள் உயரத்துக்கு. முகம் பாதியாக இருந்தது. இளைத்துப் போயிருந்தாள். இந்தப் படத்தைத்தான் அடியில் நாலு விரல் வெட்டிவிட்டுக் கண்ணாடியில் ஒட்டியிருந்தார். பதினொரு வருஷமாக வருகிறவன் மூஞ்சியை எல்லாம் பிடித்துத் திருப்பி நேராகப் பார்க்கச் சொன்ன மனுஷன், சொந்தப் பெண்டாட்டியின் முகத்தை வெட்டிக் குப்பையில் போட்டிருக்கிறார்.

வெளிய போனப்ப எடுத்தேன். அவள் பொய்யே சொல்லவில்லை. கதவைத் திறந்து வெளியே வந்திருக்கிறாள். பத்து நிமிஷம்.

"அப்பா, அம்மாவுக்குப் போன் பண்ணு" என்றாள் வாலு.

பண்ணினார். எடுக்கவில்லை. வேலை நேரத்தில் போனைப் பூட்டி வைத்துவிடுவார்கள், பத்து மணி இடைவேளையில்தான் கையில் கிடைக்கும் என்று அவள் ஒரு தடவை சொன்னது ஞாபகம் வந்தது. அங்கே பத்து மணி என்றால் இங்கே மூன்றரை. இப்போது இரண்டே கால். அப்பனும் மகளும் அந்தச் சிவப்பு மரத்துக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்கள். படம் எடுக்க வந்த ஒரு ஜோடியிடம் "இன்னிக்கு இல்ல, போயிட்டு நாளைக்கு வாங்க" என்றார். "ஸ்க்ரீன் நல்லாருக்கே, எந்த ஊருங்க?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

மூன்று நாற்பதுக்குக் கூப்பிட்டார். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். காற்று இரைந்தது.

"என்னங்க? என்னாச்சு? பாப்பாவுக்கு என்ன?"

"ஒண்ணும் ஆகல. நீ வந்துடு."

"என்னது?"

"வந்துடு. எனக்கு வீடும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். கையெழுத்துப் போடாத. மாசக் கடைசியில கெளம்பி வந்துடு."

காற்று மட்டும் கேட்டது. அவர் "கேக்குதா?" என்று கத்தினார்.

"கேக்குதுங்க." குரல் தடுமாறியது. "காலையில ஏழு மணிக்குக் கையெழுத்துப் போட்டுட்டேனே."

"நாளைக்கு வரைக்கும் டைம் இருக்குன்னு சொன்னியே!"

"இருந்துச்சு. ரெண்டு நாளா போனைக் கையில வச்சுக்கிட்டேதான் படுத்தேன். நீங்க கூப்பிடல. வேணாம்னு சொல்லல. நீங்க சொல்றப்ப உங்க மூஞ்சி எப்படி இருந்துச்சோ, எனக்கென்னங்க தெரியும்? வீட்டை முடிச்சுட்டே வரட்டும்னு நினைக்கறீங்கன்னு நினைச்சுக்கிட்டேன்."

"திருப்பி வாங்க முடியாதா? போய்க் கேளு!"

"கேக்கறேன். குடுக்க மாட்டாங்க. பாஸ்போர்ட்டும் வாங்கி வச்சுக்கிட்டாங்க. ஒரு வருஷம் முடிஞ்சா லீவு தருவாங்களாம்."

அவருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. "ஏன்டி இப்படி ஏமாத்தினே? ஜன்னல்கூட இல்லாத எடத்துல அழுக்குத் துணியோட கெடக்கறேன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

இவருக்கு எப்படித் தெரிந்தது என்று அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை. "சொன்னா என்னங்க பண்ணியிருப்பீங்க? நீங்களும் தூங்க மாட்டீங்க, பாப்பாவும் தூங்காது" என்றாள். பிறகு, "ஆனா மரம் பொய் இல்லங்க. அது நெசமாவே அழகு. கீழ இருக்கறப்ப மழையா வெயிலான்னுகூடத் தெரியாது. மேல வந்து கதவைத் திறந்தா அது நிக்கும். போன வருஷம் மொதல் துளிர் வந்த அன்னிக்கு நான் அழுதுட்டேன். அதைப் பாத்துட்டுப் போனாத்தான் மீதிப் பொழுது ஓடும். அந்த அழகை யார்கிட்டயாவது சொல்லணும்ல? உங்களை விட்டா எனக்கு யாரு?" என்றாள்.

அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். மகள் முன்னால் அழுது பழக்கம் இல்லாத மனுஷன். வாலு அவர் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

"அம்மா."

மூன்று மாசத்துக்கு அப்புறம் கேட்கிற குரல்.

"அம்மா, அந்தத் தொட்டிக் கைப்பிடியில கம்பி கட்டினது யாரு?"

"நான்தான்டி கண்ணு." சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. "காத்துல மூடி அடிச்சுக்கிட்டே இருந்துச்சு, அதான்."

"நல்லாவே கட்டல. அடுத்த தடவை ரெண்டு சுத்துச் சுத்து."

"சரிடி."

"நான் இனிமே ஒளிய மாட்டேன்."

எங்கோ ஒரு மணி அடித்தது. "நேரமாச்சு, போகணும்" என்றாள் அவசரமாக. "என்னங்க, எதிர்ல மரம் பூத்துடுச்சா? பாத்து மட்டும் சொல்லுங்க." அதற்குள் போன் நின்றுவிட்டது.

நேராப்பாரு கடையைவிட்டு வெளியே வந்தார். எதிரில் மரம் நின்றது. எப்போது பூத்ததோ! இலையே தெரியாமல் மஞ்சள். தலைக்கு மேல் மஞ்சள், அடியில் நிறுத்தியிருந்த பைக்குகளின் சீட்டில் மஞ்சள், சாக்கடை மூடியில் மஞ்சள், செருப்புத் தைப்பவரின் குடையில் மஞ்சள். வெயில் அதன்மேல் விழுந்து தெருவே வேறு தெருவாக இருந்தது. இரண்டு வருஷத்தில் இரண்டு தடவை இது பூத்து உதிர்ந்திருக்கிறது, இவர் பெருக்கித் தள்ளியிருக்கிறார். இனி இன்னும் இரண்டு தடவை அவள் இல்லாமல் பூக்கும்.

உள்ளே போய்க் காமிராவை எடுத்து வந்தார். படம் எடுத்தார். கம்ப்யூட்டரில் போட்டார். பழக்க தோஷம், கை தானாக மவுஸைப் பிடித்துச் சாக்கடையையும் பைக்கையும் தள்ளிவிட்டு மரத்தை மட்டும் நடுவில் வைத்து இழுத்தது. இடது ஓரத்தில் கடைக் கதவின் கண்ணாடி. அதில் காமிராவும் கையுமாக அவர், பக்கத்தில் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு வாலு. ஒரு வாரமாகச் சவரம் பண்ணாத முகம், மீசை நுனி பல்லுக்கிடையில் இருந்தது.

வாலு அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வெட்டாதப்பா. அம்மாவுக்கு ஓரமும் வேணும்."